தகவல் கையில் இருந்தும் கோட்டை விட்டது எப்படி? - இஸ்ரேல் ராணுவ உளவுத்துறை ‘அமான்’ ஓர் அலசல்

2024 ஏப்ரல் 22 அன்று இஸ்ரேல் ராணுவ உளவுத்துறையின் தலைவர் மேஜர் ஜெனரல் அஹரோன் ஹலிவா ராஜினாமா கடிதம் கொடுத்தார். 38 ஆண்டு ராணுவ சர்வீஸ் கொண்ட அவர்தான், 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்குப் பொறுப்பேற்று பதவி விலகிய முதல் உயர் அதிகாரி.

அந்த ஒரே நாளில் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பணயக்கைதிகளாக காஸாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உலகின் மிகத் திறமையான உளவு அமைப்பு என்று பேசப்பட்ட ஒரு துறைக்கு, பக்கத்து வேலிக்கு அந்தப் பக்கம் நடந்தது தெரியாமல் போனது எப்படி?

தெரியாமல் போகவில்லை என்பதுதான் இதில் பெரிய அதிர்ச்சி. திட்டத்தின் நகல் கையில் இருந்தது, எச்சரித்த அதிகாரிகளும் இருந்தார்கள். 50 ஆண்டுக்கு முன்பு, 1973-லும் கிட்டத்தட்ட இதேதான் நடந்தது. அப்போ பிரச்னை தகவலில் இல்லையா? பார்ப்போம்.

மொசாத் தெரியும்... அமான்?

இஸ்ரேல் உளவு என்றாலே நம்ம ஊரில் பலருக்கும் ஞாபகம் வருவது மொசாத் மட்டும்தான். சினிமா, வெப் சீரிஸ் எல்லாம் அதைச் சுற்றித்தான். ஆனால் அங்கே முக்கியமாக மூன்று அமைப்புகள் இருக்கின்றன. வெளிநாட்டு ரகசிய நடவடிக்கைகளுக்கு மொசாத். உள்நாட்டுப் பாதுகாப்புக்கும், மேற்குக் கரை, காஸா விவகாரங்களுக்கும் ஷின் பெட். ராணுவத்துக்கு அமான்.

மூன்றில் ஆள் பலத்தில் பெரியது அமான்தான். மற்ற இரண்டும் பிரதமருக்குக் கீழ் வருபவை. அமான் ராணுவத் தலைமைத் தளபதியின் கீழ் இயங்குகிறது. அதன் தலைவர் மேஜர் ஜெனரல் அந்தஸ்தில் இருப்பவர்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ‘எதிரி நாடு போருக்கு வருமா, வராதா?’ என்ற தேசிய அளவிலான மதிப்பீட்டை எழுதித் தருவது அமானின் வேலை. பல நாடுகளில் இந்த வேலை ராணுவத்துக்கு வெளியே, அரசுத் தலைமைக்கு நேரடியாகப் பதில் சொல்லும் அமைப்பிடம் இருக்கும். இஸ்ரேலில் சீருடை போட்டவர்கள் எழுதும் அறிக்கைதான் பிரதமர் முதல் அமைச்சரவை வரை எல்லோருடைய முடிவுக்கும் அடிப்படை. அது தப்பானால் எல்லாமே தப்பு.

உள்ளே யார் யார்?

* 8200 பிரிவு: தொலைபேசி, ரேடியோ, இணையம் என எல்லா மின்னணுத் தகவல் தொடர்பையும் ஒட்டுக்கேட்கும் பிரிவு. இங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானோர் 18 முதல் 21 வயதுள்ள இளைஞர்கள்.
* 9900 பிரிவு: செயற்கைக்கோள், விமானம் மூலம் கிடைக்கும் படங்களை ஆராய்வது.
* 504 பிரிவு: மனிதர்களை வைத்து உளவு பார்ப்பது, பிடிபட்டவர்களை விசாரிப்பது.
* ஆய்வுப் பிரிவு: மேலே சொன்ன எல்லோரிடமிருந்தும் வருவதைச் சேர்த்துப் படித்து, ‘இதற்கு என்ன அர்த்தம்?’ என்று எழுதுவது.

‘சயரெத் மட்கல்’ என்ற புகழ்பெற்ற கமாண்டோ படையும் அமானின் கீழ்தான் வருகிறது.

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு 8200 என்ற எண் பழக்கமானதாகவே இருக்கும். செக் பாயின்ட் நிறுவனத்தைத் தொடங்கிய கில் ஷ்வெத் இந்தப் பிரிவில் இருந்தவர். 2025 மார்ச்சில் கூகுள் 3,200 கோடி டாலருக்கு வாங்க ஒப்புக்கொண்டதே விஸ் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம், அதன் நிறுவனர்களும் இங்கே வேலை பார்த்தவர்கள்தான். கல்லூரிக்குப் போகும் வயதில் சிக்கலான டேட்டா வேலை கற்றுக்கொடுத்து அனுப்பும் இடம் என்பதால், அங்கே ரெஸ்யூமேயில் 8200 என்று இருந்தால் அதற்குத் தனி மவுசு.

தலைவர் நாற்காலி: ஏணியா, சறுக்குமரமா?

அமான் தலைவர் பதவி இஸ்ரேலில் மேலே போவதற்கான பாதைகளில் ஒன்று. இரண்டு முறை இந்தப் பதவியில் இருந்த ஹைம் ஹெர்சோக் பின்னர் அந்த நாட்டின் ஜனாதிபதி ஆனார். 1983 முதல் 1985 வரை தலைவராக இருந்த எஹுத் பராக் பிரதமர் ஆனார். மோஷே யாலோன் ராணுவத் தளபதியாகவும், பிறகு பாதுகாப்பு அமைச்சராகவும் உயர்ந்தார். அவிவ் கோச்சாவியும் ஹெர்சி ஹலேவியும் ராணுவத் தலைமைத் தளபதிகள் ஆனார்கள்.

அதேபோல, இந்த நாற்காலியில் இருந்து அவமானத்தோடு இறங்கியவர்களின் பட்டியலும் நீளம்தான்.

முதல் தலைவர் இஸ்ஸெர் பேரி, 1948-ல் துரோகி என்று சந்தேகப்பட்ட ஓர் அதிகாரியை அவசர விசாரணையில் சுட்டுக்கொல்ல வைத்தார். அந்த அதிகாரி நிரபராதி என்று பின்னர் தெரிய வந்தது. பேரி பதவி இழந்து, குற்றவாளி என்று தீர்ப்பும் பெற்றார். பின்யாமின் கிப்லி, 1954-ல் எகிப்தில் அமெரிக்க, பிரிட்டன் தொடர்புள்ள இடங்களில் குண்டு வைக்கப்போய் அம்பலமான ‘லாவோன் விவகார’த்தில் சிக்கிப் பதவியை விட்டார். 1959-ல் ரிசர்வ் படையைத் திரட்டும் ஒத்திகையை ரேடியோவில் அறிவித்தபோது, நிஜமாகவே போர் வந்துவிட்டது என்று மக்கள் பதறினார்கள். அதற்காக யெஹோஷஃபாத் ஹர்காபி நீக்கப்பட்டார். 1982 லெபனான் போரில் நடந்த சப்ரா - ஷட்டிலா படுகொலையை விசாரித்த ஆணையம், அப்போதைய தலைவர் யெஹோஷுவா சாகி பதவியில் நீடிக்கக் கூடாது என்றது.

இவர்கள் எல்லோரையும் விட அதிகம் பேசப்படுபவர் ஒருவர் உண்டு. 1973-ல் தலைவராக இருந்த எலி செய்ரா.

1973: ‘போர் வர வாய்ப்பு குறைவு’

1967 போரில் எகிப்திடமிருந்து சினாயையும், சிரியாவிடமிருந்து கோலன் குன்றுகளையும் இஸ்ரேல் பிடித்திருந்தது. இழந்ததை மீட்க எகிப்து அதிபர் அன்வர் சதாத் போருக்கு வருவாரா என்பதுதான் அன்றைய கேள்வி.

அமானிடம் தெளிவான ஒரு பதில் இருந்தது. நீண்ட தூரம் போய்த் தாக்கும் போர் விமானங்களோ ஏவுகணைகளோ கைக்கு வராமல் எகிப்து போருக்கு வராது. எகிப்து வராமல் சிரியா தனியாக வராது. ஹீப்ருவில் இதற்கு ‘கொன்செப்ட்சியா’ என்று பெயர். எளிமையாகச் சொன்னால், முன்முடிவு.

இது வெறும் கற்பனை இல்லை. நம்பகமான உளவுத் தகவலின் அடிப்படையில்தான் உருவானது. ஒரு முறை டெஸ்டிலும் பாஸ் ஆனது. 1973 வசந்த காலத்தில் போர் வரும் என்று பயந்து இஸ்ரேல் படைகளைத் தயார்படுத்தியது. செய்ரா மட்டும் ‘வராது’ என்றார், போர் வரவில்லை. அதன்பிறகு அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் மேலிடத்தில் பதிந்துவிட்டது.

சதாத் மனம் மாறியதை இந்தக் கணிப்பு கவனிக்கவில்லை. இழந்த நிலம் முழுவதையும் மீட்க வேண்டியதில்லை, கால்வாயைத் தாண்டி ஒரு பகுதியைப் பிடித்தாலே பேச்சுவார்த்தைக்கு வழி பிறக்கும் என்று அவர் முடிவு செய்திருந்தார். அதற்கு நீண்ட தூர விமானம் தேவையே இல்லை.

எச்சரிக்கைகள் வரிசை கட்டி வந்தன. செப்டம்பர் 25-ம் தேதி ஜோர்டான் மன்னர் ஹுசைன், பிரதமர் கோல்டா மேயரை ரகசியமாகச் சந்தித்து, சிரியா படைகள் தாக்கும் நிலையில் இருப்பதாகச் சொன்னார். அக்டோபர் 1 மற்றும் 3-ம் தேதிகளில் தெற்குப் படைப் பிரிவின் இளம் உளவு அதிகாரி பின்யாமின் சிமன் தோவ், எகிப்து நடத்துவது பயிற்சி இல்லை, போருக்கான மூடுதிரை என்று எழுதிக் கொடுத்தார். அது மேலே போகவே இல்லை. எகிப்திலும் சிரியாவிலும் இருந்த சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் அவசரமாக விமானம் ஏறின.

கடைசியாக அக்டோபர் 5 இரவு லண்டனில், எகிப்து முன்னாள் அதிபர் நாசரின் மருமகனும் இஸ்ரேலுக்குத் தகவல் கொடுத்துவந்தவருமான அஷ்ரஃப் மர்வான், மொசாத் தலைவர் ஸ்வி சமீரை நேரில் சந்தித்து, போர் நாளையே தொடங்கும் என்று சொன்னார். மறுநாள் யூதர்களின் புனித நாளான யோம் கிப்பூர். பிற்பகல் 2 மணிக்கு இரண்டு முனையிலும் தாக்குதல் தொடங்கியது. அந்தப் போரில் 2,600-க்கும் மேற்பட்ட இஸ்ரேல் வீரர்கள் இறந்தனர்.

இன்னொரு விஷயமும் பிறகு வெளியே வந்தது. எகிப்தின் தகவல் தொடர்பை ஒட்டுக்கேட்க அமானிடம் சிறப்புக் கருவிகள் இருந்தன. அவை இயங்கிக்கொண்டிருக்கின்றன என்று மேலிடம் நம்பியிருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் செய்ரா அவற்றை இயக்கச் சொல்லவில்லை. கருவிகளில் இருந்து எதுவும் வராததால் எல்லாம் அமைதி என்று மேலே இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

விசாரணை வந்தது, தலைகள் உருண்டன

போர் முடிந்த அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத் தலைவர் ஷிமோன் அக்ரனாட் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. 1974 ஏப்ரல் தொடக்கத்தில் இடைக்கால அறிக்கை வந்தது. செய்ராவை நீக்கச் சொன்னது. தலைமைத் தளபதி டேவிட் எலாசரும் போக வேண்டியிருந்தது. பிரதமர், பாதுகாப்பு அமைச்சர் மீது ஆணையம் குற்றம் சொல்லவில்லை. மக்கள் விடவில்லை. அதே மாதம் கோல்டா மேயர் ராஜினாமாவை அறிவித்தார்.

அமைப்பிலும் மாற்றங்கள் வந்தன. ஒரே துறை சொல்வதை மட்டும் நம்பக்கூடாது என்பதற்காக மொசாத்திலும் வெளியுறவுத் துறையிலும் தனி ஆய்வுக் குழுக்கள் வலுப்படுத்தப்பட்டன. அமானுக்குள்ளேயே ஒரு சிறிய குழு அமைக்கப்பட்டது. அதன் செல்லப் பெயர் ‘இப்கா மிஸ்தாப்ரா’. ‘மாற்றி யோசித்தால் அதுதான் சரி’ என்ற அர்த்தம் வரும் பழைய அராமிய மொழித் தொடர். எல்லோரும் ‘போர் வராது’ என்றால், ‘வந்தால்?’ என்று எதிர்வாதம் எழுதுவதுதான் இந்தக் குழுவின் முழுநேர வேலை. யார் மேசைக்கும் நேரடியாக அறிக்கை அனுப்பும் உரிமையும் அதற்கு உண்டு.

2023: அதே படம், ரீமேக்

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் அதே தவறு. இந்த முறை முன்முடிவு இதுதான்: ‘ஹமாஸ் இப்போ போரை விரும்பவில்லை.’

அதற்கும் காரணங்கள் இருந்தன. 2021 மே மாதப் போரில் ஹமாஸ் பலமாக அடிவாங்கிவிட்டது என்று ராணுவம் நம்பியது. கத்தார் பணம் காஸாவுக்குள் வந்துகொண்டிருந்தது. சுமார் 18,000 காஸா தொழிலாளர்கள் இஸ்ரேலுக்குள் போய் வேலை பார்க்க அனுமதி பெற்றிருந்தார்கள். 2022 ஆகஸ்டிலும் 2023 மே மாதத்திலும் இஸ்லாமிக் ஜிஹாத் அமைப்புடன் இஸ்ரேல் மோதியபோது ஹமாஸ் ஒதுங்கியே நின்றது. பார்த்தீர்களா, அவர்கள் அமைதியாகிவிட்டார்கள் என்று கணிப்பு உறுதியானது. 1973 வசந்த காலத்தில் நடந்த அதே கதை.

மறுபக்கம் என்ன இருந்தது? நியூயார்க் டைம்ஸ் 2023 நவம்பரில் வெளியிட்ட செய்திப்படி, ஹமாஸின் தாக்குதல் திட்டம் சுமார் 40 பக்க ஆவணமாக ஓராண்டுக்கு முன்பே இஸ்ரேலிடம் இருந்தது. ‘ஜெரிகோ சுவர்’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ராக்கெட் மழை, கண்காணிப்பு கேமராக்களை ட்ரோன் மூலம் தகர்ப்பது, பாராகிளைடர், பைக், நடை என்று எல்லையைத் தாண்டுவது எல்லாமே அதில் இருந்தன. ‘ஹமாஸுக்கு இது ஓர் ஆசை, செய்து முடிக்கும் திறமை கிடையாது’ என்று ஓரம் வைத்துவிட்டார்கள்.

2023 ஜூலையில் 8200 பிரிவைச் சேர்ந்த ஒரு பெண் ஆய்வாளர், ஹமாஸ் நடத்திய ஒரு பயிற்சி அந்தத் திட்டத்தோடு அப்படியே பொருந்துகிறது என்று எச்சரித்தார். காஸா படைப்பிரிவின் மூத்த அதிகாரி ஒருவர் அது வெறும் கற்பனை என்று தள்ளிவிட்டார்.

எல்லையில் நஹல் ஓஸ் முகாமில் கேமரா திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண் வீரர்களும், வேலிக்கு அருகே வழக்கத்துக்கு மாறான நடமாட்டம் இருப்பதாகத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். அக்டோபர் 7 காலையில் அந்த முகாமே தாக்கப்பட்டது. அவர்களில் பலர் கொல்லப்பட்டார்கள், ஏழு பேர் கடத்தப்பட்டார்கள்.

தாக்குதலுக்கு முந்தைய இரவும் சிக்னல் வந்தது. காஸாவுக்குள் பல இஸ்ரேலிய சிம் கார்டுகள் ஒரே நேரத்தில் உயிர்பெற்றன. அதிகாலையில் தளபதிகள் போனில் ஆலோசித்தார்கள். இதற்கு முன்பும் இப்படி நடந்து, ஒன்றும் ஆகாமல் போயிருந்ததால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. விடுமுறையில் எய்லாத் நகரில் இருந்த ஹலிவாவுக்கும் இரவிலேயே தகவல் போனது. ஆனால் அவர் அந்த ஆலோசனையில் கலந்துகொள்ளவில்லை என்று இஸ்ரேல் ஊடகங்கள் எழுதின. காலை 6:29-க்கு முதல் ராக்கெட்.

அப்போ பிரச்னை எங்கே?

இப்போது உட்கார்ந்து பார்க்கும்போது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு அப்படி இல்லை. ஒரு நாளில் வரும் ஆயிரக்கணக்கான தகவல்களில் இது உண்மை, அது பொய் என்று யாரும் ஒட்டி அனுப்புவதில்லை. இந்த நியாயத்தை அவர்களுக்குக் கொடுத்த பிறகும், நான்கு ஓட்டைகள் தெளிவாகத் தெரிகின்றன.

ஒன்று, கேள்வியே தப்பு. எதிரியால் என்ன முடியும், எதிரி என்ன நினைக்கிறான் என்பவை இரண்டு வேறு கேள்விகள். முதலாவதைப் படம் பிடிக்கலாம், எண்ணலாம். இரண்டாவதை ஊகிக்கத்தான் முடியும். இரண்டு முறையும் ஊகத்தை வைத்துக் கண்ணில் பட்டதைத் தள்ளினார்கள்.

இரண்டு, மிஷின் மேல் நம்பிக்கை. 2021 இறுதியில் காஸாவைச் சுற்றி 65 கிலோமீட்டருக்கு, பூமிக்கு அடியிலும் சென்சார் வைத்த தடுப்பு கட்டி முடிக்கப்பட்டது. செலவு சுமார் 350 கோடி ஷெக்கல். இதை யாரும் தாண்ட முடியாது என்ற நினைப்பில், வேலி விழுந்தால் என்ன செய்வது என்ற திட்டமே பலவீனமாக இருந்தது. ஹமாஸ் ஆட்கள் பயன்படுத்திய கையடக்க ரேடியோக்களை ஒட்டுக்கேட்பதே வீண் வேலை என்று 8200 பிரிவு ஓராண்டுக்கு முன்பே நிறுத்திவிட்டதாகவும் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

மூன்று, பதவிப் படிக்கட்டு. 1973-ல் சிமன் தோவ், 2023-ல் அந்த 8200 ஆய்வாளர், கேமரா முன் உட்கார்ந்த பெண்கள். இவர்கள் யாரும் பெரிய பதவியில் இருந்தவர்கள் இல்லை. களத்துக்கு மிக அருகில் இருந்தவர்கள். அவர்கள் எழுதியது மேலே ஏறும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. எதிர்வாதக் குழு என்று ஒன்று இருந்தாலும், முடிவெடுப்பவர் காது கொடுத்தால்தானே அதற்கு அர்த்தம்?

நான்கு, கவனம் வேறு பக்கம். ஈரானும் ஹிஸ்புல்லாவும்தான் பெரிய ஆபத்து, காஸா சமாளிக்கக்கூடியது என்ற வரிசை. நல்ல ஆட்கள், பணம், நேரம் எல்லாம் வடக்கே போயின. 2023-ல் நீதித்துறை மாற்றத்தை எதிர்த்து நாடே தெருவில் நின்றபோது, ஆய்வுப் பிரிவின் தலைவர் அமித் சார், இந்த உள்நாட்டுக் குழப்பம் எதிரிகளுக்குத் தைரியம் கொடுக்கிறது என்று பிரதமர் நெதன்யாகுவுக்கு மார்ச்சிலும் ஜூலையிலும் கடிதம் எழுதினார். அதில் முதன்மையாகப் பேசப்பட்டதும் ஈரானும் ஹிஸ்புல்லாவும்தான்.

அதே அமான் லெபனானில் ஜெயித்தது எப்படி?

நான்காவது காரணத்துக்கு அடுத்த ஆண்டே நிரூபணம் கிடைத்தது. 2024 செப்டம்பர் 17-ம் தேதி லெபனான் முழுக்க ஹிஸ்புல்லா உறுப்பினர்களின் பேஜர்கள் வெடித்தன. பத்து நாள் கழித்து அந்த அமைப்பின் தலைவர் ஹசன் நஸ்ரல்லா கொல்லப்பட்டார். 2025 ஜூன் 13-ம் தேதி ஈரான் மீது இஸ்ரேல் தாக்கிய முதல் சில மணி நேரத்திலேயே ராணுவத் தலைமைத் தளபதி முகமது பகேரி, புரட்சிகரக் காவல் படைத் தளபதி ஹொசைன் சலாமி ஆகியோர் கொல்லப்பட்டனர். மொசாத்தும் அமானும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்ததன் விளைவு இது.

ஆக, திறமைக்குக் குறைவில்லை. எங்கே உற்றுப் பார்த்தார்களோ அங்கே துல்லியமாகப் பார்த்தார்கள். எங்கே பார்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தார்களோ, அங்கிருந்து அடி வந்தது. அந்த முடிவை எடுப்பதுதான் தலைமையின் வேலை.

ஏஐ வந்த பிறகு இன்னும் சிக்கல்

காஸா போரில் 8200 பிரிவின் பெயர் வேறு காரணங்களுக்காகவும் அடிபட்டது. 2024 ஏப்ரலில் இஸ்ரேல் - பாலஸ்தீன இதழான பிளஸ் 972, ‘லாவண்டர்’ என்ற ஏஐ கருவி ஒரு கட்டத்தில் 37,000 பாலஸ்தீனர்களைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்ததாகவும், அதை மனிதர்கள் சரிபார்த்த நேரம் மிகக் குறைவு என்றும் எழுதியது. அது வெறும் தகவல் தொகுப்புதான், முடிவெடுப்பது மனிதர்களே என்று ராணுவம் மறுத்தது.

அந்தப் பிரிவின் அப்போதைய தளபதி யோசி சரியேல், மனிதனும் இயந்திரமும் சேர்ந்து இயங்கும் எதிர்கால உளவு பற்றி 2021-லேயே தன் பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் போட்டுப் புத்தகம் எழுதியவர். அமேசானில் விற்ற அந்தப் புத்தகத்தின் வழியாகவே அவரது ரகசிய அடையாளம் 2024-ல் வெளியே தெரிந்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அக்டோபர் 7-க்குப் பொறுப்பேற்று அவரும் விலகினார்.

2025 செப்டம்பரில் இன்னொரு திருப்பம். பாலஸ்தீனர்களின் தொலைபேசி உரையாடல்களைப் பெருமளவில் மைக்ரோசாஃப்டின் கிளவுடில் 8200 சேமித்து வைப்பதாக கார்டியன் நாளிதழ் வெளியிட்ட செய்தியைத் தொடர்ந்து, அந்த நிறுவனம் இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு பிரிவுக்குச் சில சேவைகளை நிறுத்தியது. உள்ளே இருந்து எதிர்ப்பு வந்ததும் உண்டு. 2014-லேயே இந்தப் பிரிவின் 43 ரிசர்வ் வீரர்கள், சாதாரண பாலஸ்தீனர்களின் அந்தரங்கத்தை வேவு பார்க்கும் வேலையை இனி செய்ய மாட்டோம் என்று பகிரங்கமாக எழுதினார்கள்.

எல்லோருடைய பேச்சையும் சேமிக்க முடிந்த ஒரு துறைக்கு, ஒரு கூட்டத்தின் எண்ணத்தைப் படிக்க முடியவில்லை என்பதுதான் இதில் முரண். அமான் இப்போது தன் ஆட்களுக்கு அரபு மொழி, இஸ்லாமியப் பண்பாடு பற்றிய பயிற்சியைக் கூட்டுவதற்கும் இதுதான் காரணம்.

சரி, யார் பொறுப்பு?

தாக்குதல் நடந்து பத்தே நாளில், தன் துறை எச்சரிக்கத் தவறிவிட்டது என்று ஹலிவா எழுத்தில் ஒப்புக்கொண்டார். அந்த மாத இறுதியில் நெதன்யாகு நள்ளிரவில் ஒரு பதிவு போட்டார். ஹமாஸ் போருக்கு வரும் என்று தன்னை யாரும் எச்சரிக்கவில்லை, அமான் தலைவரும் ஷின் பெட் தலைவரும் ஹமாஸ் அடங்கிவிட்டதாகவே சொன்னார்கள் என்பது அதன் சாரம். எதிர்ப்பு கிளம்பியதும் பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்டார்.

2024 ஆகஸ்டில் ஹலிவாவின் இடத்துக்கு ஷ்லோமி பிண்டர் வந்தார். 2025 பிப்ரவரி இறுதியில் ராணுவம் தன் உள்விசாரணை முடிவுகளை வெளியிட்டது. ஹமாஸ் பற்றிய அடிப்படைப் புரிதலே பல ஆண்டுகளாகத் தவறு என்பதை அது ஒப்புக்கொண்டது. மார்ச்சில் தலைமைத் தளபதி ஹலேவி விலகினார். அவரே 2014 முதல் 2018 வரை அமான் தலைவராக இருந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹமாஸ் பற்றிய முன்முடிவு ஒரே ஒரு தலைவர் காலத்தில் உருவானது இல்லை.

விலகிய பிறகும் ஹலிவா செய்தியில் இருந்தார். 2025 ஆகஸ்டில் இஸ்ரேலின் சேனல் 12 ஒளிபரப்பிய ஒலிப்பதிவில், காஸாவில் 50,000 பேர் இறந்தது எதிர்காலத் தலைமுறைக்காகத் தேவையான ஒன்று என்று அவர் பேசியது உலகம் முழுக்கக் கண்டனத்துக்கு உள்ளானது. அதே ஆண்டு நவம்பரில் ரிசர்வ் பணியிலிருந்தும் நீக்கப்பட்டார். அந்த மாத இறுதியில் காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி அங்கே இறந்தவர்களின் எண்ணிக்கை 70,000-ஐத் தாண்டியிருந்தது. அக்டோபர் 7-ல் உளவு தவறியதற்கான விலையை இஸ்ரேலியர்கள் மட்டும் கொடுக்கவில்லை.

இந்தியாவில் என்ன நடந்தது?

இந்தியாவுக்கும் இப்படி ஓர் அனுபவம் உண்டு. 1999-ல் கார்கில் மலைகளில் பாகிஸ்தான் படையினர் ஊடுருவியது தாமதமாகத்தான் தெரிந்தது. போர் முடிந்த சில நாளிலேயே கே.சுப்ரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரின் தந்தைதான் அவர். துண்டு துண்டாகத் தகவல் இருந்தும், அவற்றைச் சேர்த்துப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை என்பது அந்தக் குழு காட்டிய முக்கியக் குறைகளில் ஒன்று. முப்படைகளின் உளவுத் தகவல்களை ஒருங்கிணைக்க 2002-ல் பாதுகாப்பு உளவு முகமை உருவானது அதன் தொடர்ச்சியாகத்தான். இங்கே அமைப்பு மாறியது. அந்தக் குழு தனிநபர்கள் மீது பொறுப்பு சுமத்தவில்லை.

இனி என்ன?

1973-ல் போர் நடந்த அடுத்த மாதமே சுதந்திரமான விசாரணை ஆணையம் வந்தது, ஆறு மாதத்தில் அறிக்கையும் வந்தது. அக்டோபர் 7 நடந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், 2025 முடியும்வரை அப்படி ஓர் ஆணையத்தை நெதன்யாகு அரசு அமைக்கவில்லை. உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதில் அரசியல்வாதிகளுக்கும் பங்கு இருக்கும் வேறொரு விசாரணைக்குத்தான் ஆளுங்கூட்டணி முயன்றது. கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தினரில் பலர் இதை ஏற்கவில்லை.

இதனால் ராணுவம் தன்னைத் தானே விசாரித்துக்கொண்ட அறிக்கைகள்தான் கையில் இருக்கின்றன. அமான் என்ன எழுதியது என்பது அதில் ஓரளவு தெரிகிறது. அந்த அறிக்கைகளைப் படித்த அமைச்சர்கள் என்ன கேட்டார்கள், எந்தப் பதிலை எதிர்பார்த்தார்கள், கத்தார் பணத்தையும் அமைதியான ஹமாஸையும் நம்பிய கொள்கையை யார் வகுத்தார்கள் என்பதை ராணுவத்தால் விசாரிக்க முடியாது. உளவுத்துறைத் தலைவர் போய்விட்டார், தளபதியும் போய்விட்டார். அந்தக் கேள்விகள் மட்டும் இன்னும் அப்படியே நிற்கின்றன.